மில் கண்ட நெறி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த அறிஞர் பலருள்ளும் ஜான் ஸ்டூவர்ட் மில் என்பவர் தனிச்சிறப்பு வாய்ந்தவர். அளவை நூல், பொருளியல், அரசியல், அறவியல் என்னும் பல துறைகளிலும் அவர் இயற்றிய நூல்கள் இன்றும் உலகெங்கும் பயிலப்பெறுகின்றன. ஆயினும், அவர்தம் நூல்களுள் இளைஞர்தம் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது, அவர் இறந்த ஆண்டாகிய 1873-இல் வெளிவந்த அவருடைய தன் வரலாறேயாகும். ஒரு தந்தை தன் மகனை எவ்வாறு அறிஞனாக்கினார் என்பதும், அம்மகன் ஒருநாள் அவ்வறிவு முழுவதும் தனக்குப் பயன்படாமை கண்டு எவ்வாறு கலங்கினார் என்பதும், பின்னர்த் தமக்கென ஒரு நெறியை எவ்வாறு கண்டுகொண்டார் என்பதும் அந்நூலில் ஒளிவு மறைவின்றிக் கூறப்பெற்றுள்ளன. அவ்வரலாற்றையே ஈண்டுக் காண்போம்.

மில்லின் தந்தையார் பெயர் ஜேம்ஸ் மில். அவர் ஸ்காத்துலாந்து நாட்டில் ஒரு சிற்றூரிற் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தவர். மகன் கைத்தொழிலிற் புகாமல் கல்வியால் உயர்தல் வேண்டும் என்று அவர் அன்னையார் விரும்பினார். சர் ஜான் ஸ்டூவர்ட் என்னும் செல்வர் அவ்விளைஞரின் அறிவுக் கூர்மையைக் கண்டு, எடின்பரோப் பல்கலைக் கழகத்திற் பயில உதவி புரிந்தார். ஜேம்ஸ் சமய போதகராதற்கு உரிய கல்வியை முடித்தார். எனினும் அத்தொழிலில் அவருள்ளம் நிலைக்கவில்லை. 1802-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரை அடைந்து, எழுத்தையே பிழைப்பாகக் கொண்டார். 1805-இல் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் தலைமகன் பிறந்தான். தமக்கு உதவிய செல்வரின் பெயரையே அம்மகனுக்கு இட்டார். செய்ந்நன்றியை மறவாத அச்செயல் போற்றத்தக்கது.

மகன் பிறந்த அதே ஆண்டிலேதான் ஜேம்ஸ் மில் நமது நாட்டைப் பற்றிய பெருநூலொன்றை எழுதத் தொடங்கினார். அதனை முடிக்கப் பதினோர் ஆண்டுகள் ஆயின. அதற்குள் குடும்பமும் பெருகியது. பிள்ளைகள் ஒன்பதின்மர் ஆயினர். நிலையான வருவாய் இல்லை. பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதி அவற்றால் வரும் சிறு தொகையைக் கொண்டே அவ்வளவு பேரையும் காத்தல் வேண்டும். கடன் வாங்குதலோ அவர் இயல்பிற்கு ஒவ்வாதது. இத்தகைய நெருக்கடியின் நடுவே, மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே ஆசிரியராயிருந்து கற்பிப்பதென உறுதி பூண்டார்.

நம் நாட்டில் ஐந்தாம் வயதில் ஏடு தொடங்குதல் மரபு. மில்லுக்கு மூன்றாம் வயதிலேயே கிரேக்க மொழி தொடங்கப்பெற்றது. தந்தையார் சிறு அட்டைகளில் கிரேக்கச் சொற்களை எழுதி, அவற்றின் பொருளை ஆங்கிலத்தில் குறித்து மகன் கையிற் கொடுப்பார். அச்சொற்களை நெட்டுருச் செய்த பிறகு ஈசாப்பு கதைகள். அதன் பின் வரலாற்று நூல்கள். எட்டு வயது நிரம்புவதற்குள் ஹெரோதோத்தசு எழுதிய வரலாறு முழுவதையும், பிளேட்டோவின் உரையாடல்களுள் ஆறனையும் அச்சிறுவன் படித்து முடித்தான். பிளேட்டோவின் ஓர் உரையாடலைத் தாம் அவ்வயதிற் சிறிதும் விளங்கிக்கொள்ளவில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார். தந்தையார் ஆற்றலுக்கு உட்பட்டதை மட்டுமன்றி, ஆற்றலுக்கு அப்பாற்பட்டதையும் கேட்பவர்.

அக்காலத்தில் கிரேக்கச் சொற்களுக்கு ஆங்கிலத்திற் பொருள் கூறும் அகராதி அச்சிறுவனுக்குக் கிடைக்கவில்லை. இருந்தவை இலத்தீனில் பொருள் கூறுவன. இலத்தீனோ அவனுக்கு இன்னும் தொடங்கவில்லை. ஆகவே, ஒவ்வொரு சொல்லுக்கும் தந்தையையே வினவ வேண்டியிருந்தது. தந்தையும் மகனும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்திருப்பர். தந்தையார் தம் பெருநூலை எழுதிக்கொண்டிருப்பார். இரண்டு வரி எழுதுவதற்குள் மகன் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பான். எழுதுகோலை நிறுத்திப் பொருள் கூறுவார், மீண்டும் எழுதுவார், மீண்டும் மகன் கேட்பான். ஜேம்ஸ் மில் இயல்பிற் பொறுமை மிக்கவர் அல்லர், சினம் மிக்கவர். அத்தகையவர் ஆண்டுக்கணக்காக இவ்விடையூற்றைப் பொறுத்திருந்தார். நானும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவன். ஒரு செய்யுளுக்கு உரை எழுதிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுப் பிள்ளை வந்து ஐயம் கேட்டால், பிறகு வா என்று சொல்லியனுப்பிய நாட்கள் உண்டு. அவற்றை நினைக்குந்தோறும் அம்மேசை என் கண்முன் தோன்றும்.

ஒவ்வொரு நாளும் காலை உணவிற்கு முன்பு தந்தையும் மகனும் நகர்ப்புறத்துப் பசும்புல் வெளிகளில் நெடுந்தொலைவு நடந்து செல்வர். முதல்நாள் படித்த வரலாற்று நூலின் செய்திகளைச் சிறுவன் துண்டுத் தாள்களிற் குறித்து வைத்திருப்பான். அவற்றைப் பார்த்துக்கொண்டே தந்தைக்குச் செய்திகளைச் சொல்லிவருவான். இடையிடையே தந்தையார் அரசு, நாகரிகம், ஒழுக்கம் முதலியவை பற்றி விளக்கங் கூறுவார். அவ்விளக்கத்தை மகன் பிறகு தன் சொற்களில் திருப்பிச் சொல்லல் வேண்டும். எட்டாம் வயதில் இலத்தீன் தொடங்கிற்று. தான் கற்றதை உடனே தன் தங்கைக்குக் கற்பிக்கும் கடமையும் சேர்ந்தது. பின்னர்ப் பிற தம்பி தங்கையரும் அவன் மாணாக்கராயினர். அவர்கள் பாடம் தவறினால் அதற்கு விடை கூற வேண்டியவன் அவனே. இம்முறையைத் தாம் விரும்பவில்லை என்று மில் எழுதியுள்ளார்.

இச்சிறுவனுக்கு விடுமுறை என்பது இல்லை. விடுமுறை பெற்றால் உழைக்கும் பழக்கம் கெடும் என்பது தந்தையாரின் எண்ணம். பிற சிறுவரோடு கூடி விளையாடுதலும் இல்லை. கைகளாற் செய்யும் சிறு வேலைகளிலும் அவன் திறமையற்றவனாகவே வளர்ந்தான். விளையாட்டு நூல்கள் மிகச் சில. ராபின்சன் குரூசோ என்னும் கதை மட்டும் அவன் இளமை முழுவதும் இன்பம் தந்தது.

ஆயினும், இக்கல்வியை வெறும் நெட்டுருக் கல்வி என்று கருதுதல் தவறு. தானே முயன்று காணக்கூடிய எதனையும் தந்தையார் முன்கூட்டிச் சொல்லிவிடமாட்டார். மகன் முட்டி மோதி முயன்று தோற்ற பின்னரே விளக்கம் வரும். மில்லுக்குப் பதின்மூன்று வயதாயிருக்கும்போது ஒருநாள் பேச்சினிடையே கருத்து என்னும் பொருள்படும் சொல்லொன்றை ஆண்டார். கருத்து என்றால் யாது என்று தந்தை கேட்டார். சிறுவனால் இலக்கணங் கூற இயலவில்லை. தந்தை மிக வருந்தினார். மற்றொரு நாள், ஒரு செய்தி கொள்கையளவில் உண்மை. ஆனால் நடைமுறைக்குப் பொருந்தாது என்று பலரும் கூறும் சொல்லைச் சிறுவனும் கூறினான். தந்தைக்குச் சினம் மூண்டது. கொள்கை என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டு, மகன் விழித்தபின் அச்சொல்லில் உள்ள பிழையை விளக்கினார். நடைமுறைக்குப் பொருந்தாதது உண்மையான கொள்கையாதல் எங்ஙனம்? பிறர் சொல்லும் சொல்லைப் பொருளறியாது திருப்பிச் சொல்லலாகாது என்னும் பாடம் அன்று அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

பதின்மூன்றாம் வயதிற் பொருளியல் தொடங்கப்பெற்றது. காலை நடையின்போது தந்தை ஒரு பகுதியை விளக்குவார். மறுநாள் மகன் அதனை எழுதிக் கொணர்தல் வேண்டும். தெளிவும் செறிவும் பொருந்துமளவும் மீண்டும் மீண்டும் எழுதச் செய்வார். அவ்வாறு சிறுவன் எழுதிய தாள்களைத் துணையாகக் கொண்டே தந்தையார் பின்னர்த் தம் பொருளியல் நூலை இயற்றினார். அதற்கு முன்னரே, 1817-இல் இந்திய வரலாற்று நூல் அச்சேறியபோது, மூலப் படியை மகன் உரக்கப் படிக்க, தந்தை அச்சுப் படியைத் திருத்தினார். அப்பொழுது மகனுக்கு வயது பதினொன்று.

அந்நூலைப் பற்றி ஒரு சொல் இங்குக் கூறாதிருத்தல் இயலவில்லை. ஜேம்ஸ் மில் இந்தியாவைக் கண்டவர் அல்லர். இந்திய மொழிகளுள் ஒன்றையேனும் அறிந்தவர் அல்லர். அவையிரண்டும் தம் நூலுக்குக் குறையாகா என்று முகவுரையில் அவரே வாதிட்டார். நம் முன்னோரின் கலைகளையும் நூல்களையும் மிகத் தாழ்த்தி எழுதினார். பொருளறியாது சொல்லாதே என்று மகனைக் கடிந்த தந்தை, தாம் அவ்விதியை மறந்த இடம் இதுவெனத் தோன்றுகிறது. அந்நூலின் பயனாகவே 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் அவருக்கு உயர்ந்த வேலை கிடைத்தது. குடும்பத்தின் வறுமையும் நீங்கிற்று.

மில்லுக்குப் பதினான்கு வயதானபோது, ஓராண்டு பிரான்சு நாட்டில் தங்கிவர ஏற்பாடாயிற்று. புறப்படுவதற்கு முன், தந்தை அவரை இலண்டனில் உள்ள ஹைடு பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். புதிய மக்களோடு பழகும்போது, தன் வயதினர் அறியாத பலவற்றைத் தான் அறிந்திருத்தலை மகன் உணர்வான் என்றும், பிறர் அதற்காகப் புகழ்வர் என்றும், அவையெல்லாம் அவன் தகுதியால் வந்தன அல்ல என்றும் கூறினார். கற்பிக்கும் ஆற்றலும் விருப்பமும் உடைய தந்தை வாய்த்த நல்லூழே அதற்குக் காரணம். அத்தகைய வாய்ப்புப் பெற்றும் பிறரினும் மிகுதியாக அறியாதிருந்தால் அதுவே பெரும் இழிவாகும் என்பது அவர் கருத்து. அதுவரையில் மில் தம்மை அறிவாளி என்று எண்ணியதேயில்லை. தந்தை வைத்த அளவுகோலுக்குத் தாம் எட்டவில்லை என்றே எண்ணியிருந்தார்.

ஜேம்ஸ் மில்லுக்கு உற்ற நண்பர் ஜெரமி பெந்தம் என்னும் பேரறிஞர். மிகப் பலர்க்கு மிகுந்த இன்பம் பயப்பதே நல்ல செயல். சட்டங்களும் அரசியலும் அவ்வளவுகோலாலேயே அளக்கப்படல் வேண்டும் என்பது அவர் கொள்கை. தந்தையின் வாயிலாக இக்கொள்கையை மில் இளமை முதற்கொண்டே கேட்டு வந்தார். எனினும், பிரான்சிலிருந்து திரும்பியபின், பதினைந்தாம் வயதில், பெந்தமின் சட்டக் கொள்கைகளைத் தொகுத்துரைக்கும் பிரெஞ்சு நூலொன்றைத் தாமே படித்தபோதுதான், அது அவருக்கு உரியதாயிற்று. சிதறிக் கிடந்த கருத்துகள் ஒன்றுசேர்ந்தன. நூலின் கடைசி ஏட்டை மூடியபோது தாம் வேறு மனிதராகிவிட்டதாக அவர் உணர்ந்தார். உலகத்தைச் சீர்திருத்துவதே தம் வாழ்க்கையின் குறிக்கோள் எனக் கொண்டார். தந்தையார் சமய நம்பிக்கையை இழந்தவராதலின் வீட்டிற் சமயக் கல்வி இல்லை. அவ்வெற்றிடத்தை இக்கொள்கையே நிரப்பிற்று.

1823-இல், பதினேழாம் வயதில், தந்தையின் கீழ் அதே கம்பெனி அலுவலகத்தில் வேலைக்கு அமர்ந்தார். பகலில் அலுவல், பிற நேரங்களில் படிப்பும், நண்பரோடு சொற்போரும், பத்திரிகைக்குக் கட்டுரையும். பெந்தம் எழுதிவைத்த குழப்பமான கைப்படிகளை ஒழுங்குபடுத்தி ஐந்து பெருந்தொகுதிகளாக வெளியிடும் பொறுப்பையும் ஏற்று முடித்தார். இருபது வயதிற்குள் ஓர் இளைஞன் இத்துணைப் பணி ஆற்றுதல் கூடுமோ என்று நாம் வியக்கிறோம். வியந்து முடிப்பதற்குள் விபத்து நேர்ந்துவிடுகிறது.

1826-ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். உடல் சோர்ந்து உள்ளமும் களிப்பற்றிருந்த ஒருநாள், மில் தம்மைத்தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். தாம் விரும்பும் சீர்திருத்தங்கள் எல்லாம் இந்தக் கணமே நிறைவேறிவிட்டால், தமக்குப் பெருமகிழ்ச்சி உண்டாகுமா என்பதே அக்கேள்வி. இல்லை என்று உள்ளம் மறுமொழி கூறிற்று. அவ்வளவில் அவர் நெஞ்சம் இடிந்து வீழ்ந்தது. எந்தக் குறிக்கோளை நோக்கி வாழ்வு முழுவதும் நடந்ததோ, அக்குறிக்கோள் இனிமை இழந்தது. உறங்கி எழுந்தால் தெளியும் என எண்ணினார், தெளியவில்லை. விருப்பமான நூல்களை எடுத்தார். அவற்றிலும் சுவை இல்லை. அலுவலகத்திற்குச் சென்றார், எழுதினார், சொற்போரிற் பேசினார், எல்லாம் பொறி இயங்குவதுபோல நடந்தன.

இத்துயரை அவர் யாரிடம் சொல்வார்? நண்பரிடம் சொல்ல நாவெழவில்லை. இடுக்கண் வந்துழி மகன் நாட வேண்டியவர் தந்தை. அத்தந்தையே இதனைச் சொல்லத்தகாத கடைசி மனிதராக அவருக்குத் தோன்றினார். சொன்னாலும் விளங்காது, விளங்கினாலும், தாம் அரும்பாடுபட்டு அளித்த கல்வி இவ்வாறு முடிந்ததே என்று அவர் வருந்துவதன்றி வேறு பயனில்லை. இங்ஙனம் எண்ணி மகன் வாய்மூடியிருந்தார். மேசையின் எதிர்ப்புறம் அமர்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொன்ன தந்தையிடம், தன் உள்ளத்தின் பொருளைக் கேட்க இயலவில்லை. அன்னையைப் பற்றியோ மில் தம் தன் வரலாற்றில் ஏறக்குறைய ஒன்றும் எழுதவில்லை. ஒன்பது பிள்ளைகளைப் பெற்று வளர்த்த அவ்வம்மையார்க்கு ஒரு பக்கமேனும் ஒதுக்கியிருக்கலாகாதா என்பது எனக்கு நெடுநாளைய குறை.

நோயின் காரணத்தை மில் தாமே ஆராய்ந்தார். எதனையும் பகுத்துப் பகுத்துப் பார்க்கும் பழக்கம் அறிவைக் கூர்மையாக்கும். ஆனால் உணர்ச்சி வளர்தற்கு முன்னரே அப்பழக்கம் வேரூன்றிவிடின், அவ்வேரே உணர்ச்சியை அரித்துவிடும். கப்பலும் உண்டு, சுக்கானும் உண்டு. பாய் மட்டும் இல்லை என்னும் நிலையில் தாம் இருந்ததாக அவர் உணர்ந்தார். அக்காலத்தில் அவரை வாட்டிய கவலைகளுள் ஒன்று வியப்பானது. இசையில் உள்ள சுரங்கள் சிலவே. அவற்றை எத்தனை வகையிற் சேர்த்தாலும் என்றேனும் ஒருநாள் புதிய இன்னிசை தீர்ந்துபோகுமே என்று வருந்தினாராம். ஏழு சுரங்களைக் கொண்டு எண்ணற்ற பண்களை எழுப்பும் நம் நாட்டு இசைவாணர் கேட்டால் நகைப்பர். மனநோயுற்றார்க்கு இல்லாத வறுமையும் உள்ளதாகத் தோன்றும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இந்நிலை ஓராண்டு நீடித்தால் தம்மால் உயிர் தாங்க இயலாது என்று மில் எண்ணினார். ஏறத்தாழ அரையாண்டு கழிந்தது. ஒருநாள் மார்மோந்தெல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் வாழ்க்கை நினைவுகளைத் தற்செயலாகப் படித்துக்கொண்டிருந்தார். சிறுவனாகிய மார்மோந்தெல் தந்தையை இழக்கிறான். குடும்பம் துயரக் கடலில் ஆழ்ந்து கிடக்கிறது. அவ்வேளையில் அச்சிறுவன் திடீரென ஊக்கம் பெற்று, இழந்த அனைத்தும் இனித் தானே அவர்களுக்கு ஆவதாக உறுதி கூறுகிறான். அவர்களும் அதனை உணர்கின்றனர். இக்காட்சியைப் படித்தபோது மில்லின் கண்களில் நீர் பெருகிற்று. அக்கண்ணீரே அவருக்கு மருந்தாயிற்று. தம்முள் உணர்ச்சி மடிந்துபோகவில்லை. தாம் கல்லும் கட்டையும் அல்லர் என்று தெளிந்தார். அன்றுமுதல் சுமை குறைந்தது. கதிரவன் ஒளியிலும், வானத்திலும், நூல்களிலும், நண்பர் பேச்சிலும் சிறுகச் சிறுக இன்பம் மீண்டது. பின்னரும் சில முறை சோர்வு வந்ததுண்டு. ஆயின் முன்போல் முற்றும் வீழ்த்தவில்லை.

இத்துன்பத்திலிருந்து இரண்டு உண்மைகளை அவர் எடுத்துக்கொண்டார். இன்பமே வாழ்வின் பயன் என்னும் கொள்கையை அவர் கைவிடவில்லை. ஆனால் இன்பத்தை நேரே நாடுவோன் அதனைப் பெறான். பிறர் நலத்தையோ, ஒரு கலையையோ, ஒரு பணியையோ அதற்காகவே விரும்பி ஈடுபடுவோனுக்கு, வழிநடையிற் கிடைக்கும் பூப்போல இன்பம் தானே வந்தெய்தும் என்று கண்டார். நான் இன்புற்றிருக்கின்றேனா என்று கேட்ட அளவில் இன்பம் மறைந்துபோதலை அவர் பட்டறிந்தார் அல்லரோ? மற்றையது, அறிவைப் பயிற்றுதல்போலவே உணர்ச்சியையும் பயிற்றுதல் வேண்டும் என்பது. இவ்விரண்டனுள் ஒன்றையும் அவர் தந்தையிடமிருந்து பெறவில்லை. பெந்தம், ஜேம்ஸ் மில் ஆகிய இருவரும் உணர்ச்சிப் பெருக்கை ஐயுற்றவர்கள். கவிதையின் பயனை அவ்வளவாக மதியாத கூட்டத்தார்.

1828-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மில் முதன்முதலாக வேர்ட்ஸ்வொர்த் என்னும் கவிஞரின் பாடல்களைப் படித்தார். அதற்கு முன் பைரன் என்பாரின் பாடல்களைப் படித்திருந்தார். பைரனின் மாந்தரும் தம்மைப் போலவே வாழ்வில் கசப்புற்றவராதலின், அவை ஆறுதல் தரவில்லை. வேர்ட்ஸ்வொர்த்தோ மலையையும் ஏரியையும் எளிய நாட்டுப்புற மக்களையும் பாடியவர். மலைக்காட்சி மில்லுக்கு இளமையிலேயே உயிர்; பிரான்சிலிருந்தபோது பைரனீசு மலைத்தொடரைக் கண்டு மகிழ்ந்த நினைவு அவர் உள்ளத்தில் நின்றது. ஆனால் இக்கவிதைகள் வெறும் காட்சிகளை மட்டும் தரவில்லை. அக்காட்சியால் கனிந்த உணர்ச்சியையும், அவ்வுணர்ச்சியோடு கலந்த எண்ணத்தையும் தந்தன. உலகத்துத் தீமைகள் எல்லாம் நீங்கிய பின்பும் வற்றாமல் நிற்கும் இன்பம் எது என்னும் வினாவுக்கு அவர் இங்கே விடை கண்டார். இரண்டாண்டுகளுக்கு முன் அவரை வீழ்த்திய கேள்வியும் அதுவே என்பதை நினைவிற் கொள்க. அக்கவிஞரை 1831-இல் ஏரிநாட்டில் நேரிற் சென்று கண்டும் வந்தார்.

கவிதையைப் புகழ்ந்தமையால் பழைய நண்பர் சிலரோடு வேறுபாடு உண்டாயிற்று. ரோபக் என்னும் நண்பர் பைரனுக்காகவும் மில் வேர்ட்ஸ்வொர்த்துக்காகவும் அவையிற் சொற்போர் நிகழ்த்தினர்; அந்நட்பு பின்னர் மெல்ல விலகிற்று. மாறாக, எதிர்க்கட்சியினராய் இருந்த ஜான் ஸ்டெர்லிங் முதலியோர் நெருங்கிய நண்பராயினர். தம் கொள்கைக்கு மாறுபட்டோரிடமும் தமக்கு இல்லாத ஓர் உண்மைக்கூறு இருத்தல் கூடும் என்பதை மில் இவ்வாறு கற்றார். 1830-இல் ஹாரியெட் டெய்லர் என்னும் அறிவிற் சிறந்த அம்மையாரின் நட்பும் கிடைத்தது. அவர் வணிகர் ஒருவரின் மனைவியார். கணவர் இறந்து ஈராண்டு சென்றபின், 1851-இல், மில் அவரை மணந்தார். தம் நூல்களின் சிறந்த பகுதிகள் பலவும் அவர் சிந்தனையோடு கலந்தவை என்பது மில் என்றும் மறவாது கூறிய செய்தி.

1836-இல் தந்தையார் இறந்தார். பெந்தம் அதற்கு நான்காண்டு முன்னரே மறைந்தார். 1838-இல் மில் பெந்தமைப் பற்றிக் கட்டுரையொன்று எழுதினார். அவர்தம் பெருமையை உள்ளவாறு போற்றினார். மனித உள்ளத்தின் பல பகுதிகளை அப்பெரியார் அறியாமற்போனார் என்பதையும் அஞ்சாது எழுதினார். அதனைத் தந்தை உயிரோடிருந்தபோது எழுதியிருப்பாரோ? எழுதியிருக்கமாட்டார் என்றே எண்ணுகிறேன். ஆயினும் தந்தையின் நினைவை அவர் ஒருபோதும் இழித்தவர் அல்லர். தந்தையிடம் தமக்கு அச்சம் மிகுதியாகவும் கனிவு குறைவாகவும் இருந்தது என்று எழுதிய அதே கையால், தம் காலத்து மக்களைவிடக் கால் நூற்றாண்டு முன்னதாகத் தம்மைக் கல்வியில் நிறுத்தியவர் அவரே என்றும் எழுதினார்.

1843-இல் அளவை நூலும், 1848-இல் பொருளியல் நூலும் வெளிவந்தன. கம்பெனி அலுவலகத்தில் இந்தியச் சுதேச மன்னர்களுடன் நடக்கும் கடிதப் போக்குவரத்தை நெடுங்காலம் கவனித்து, 1856-இல் தந்தை வகித்த தலைமைப் பதவியையே அடைந்தார். 1858-இல் கம்பெனி ஆட்சி முடிந்தது. முப்பத்தைந்து ஆண்டு அலுவலுக்குப் பின் மில் ஓய்வு பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் தென் பிரான்சுக்குச் செல்லும் வழியில், அவிஞ்ஞோன் என்னும் நகரில் மனைவியார் நோயுற்று இறந்தார். அவ்வூரிலேயே அடக்கம் செய்து, கல்லறைக்கு அருகில் ஒரு வீட்டை வாங்கி, ஆண்டுதோறும் பல திங்கள் மில் அங்குத் தங்கினார்.

மனைவியாரும் தாமும் வரிவரியாகப் பலமுறை திருத்திய உரிமை பற்றிய நூலை 1859-இல் அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கி வெளியிட்டார். பிறர்க்குத் தீங்கு விளையாத அளவில் ஒவ்வொருவரும் தம் வாழ்வைத் தாமே அமைத்துக்கொள்ளல் வேண்டும். உலகம் முழுவதும் ஒரு கருத்தினராய் இருந்து ஒருவன் மட்டும் மாறுபட்டாலும் அவன் வாயை அடைக்க உலகிற்கு உரிமை இல்லை. மனிதன் அச்சிற் சமைத்த பொறியல்லன், உள்ளிருந்து வளரும் மரம் போன்றவன் என்று அந்நூல் கூறுகிறது. பொறிபோல இயங்கிய ஓர் இருபது வயது இளைஞனின் குரலை இக்கருத்தில் நாம் கேட்கிறோம். ஆனால், வளர்ச்சியடையாத மக்களுக்கு இவ்வுரிமை பொருந்தாது என்றும் அதே நூலில் ஒரு வரம்பு கட்டினார். கம்பெனி ஆட்சியையும் ஆதரித்து எழுதினார். இந்தியாவை அவரும் கண்டவரல்லர். தந்தையிடமிருந்து பெற்றவற்றுள் அவர் ஆராயாது விட்ட பகுதி இது. நாம் இதனை மறைத்தல் கூடாது.

1865-இல் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியினர் அவரைப் பாராளுமன்றத்திற்கு நிற்க வேண்டினர். தேர்தலுக்காகப் பணம் செலவிடவும் வாக்குக் கேட்டுத் திரியவும் அவர் மறுத்துவிட்டார். தொழிலாளர் திரண்ட கூட்டமொன்றில் ஒருவர் எழுந்து, தொழிலாளர் பெரும்பாலும் பொய்யர் என்று தாங்கள் ஒரு நூலில் எழுதியதுண்டா என வினவினார். ஆம் என்று மில் உடனே விடையிறுத்தார். ஒரு கணம் அமைதி நிலவிற்று. பின் கூட்டம் முழுவதும் கைதட்டி ஆரவாரித்தது. மழுப்பாத மனிதரை அவர்கள் கண்டுகொண்டனர். அவர் வெற்றி பெற்றார். 1867-இல் வாக்குரிமைச் சட்டம் விவாதிக்கப்பட்டபோது, ஆடவர் என்னும் பொருள்படும் சொல்லை நீக்கி, ஆண் பெண் இருபாலார்க்கும் பொதுவான சொல்லை இடுமாறு திருத்தம் கொணர்ந்தார். ஆதரித்தோர் 73 பேர். எதிர்த்தோர் 196 பேர். அடுத்த ஆண்டுத் தேர்தலில் தோல்வியுற்றார். இங்கிலாந்தில் பெண்டிர் பாராளுமன்ற வாக்குரிமை பெற 1918 வரையும், அவ்வுரிமை ஆடவரோடு சமமாக 1928 வரையும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தேர்தல் தோல்வி அவரை வருத்தவில்லை. அவிஞ்ஞோனில் நூல்களோடும், இளமை முதற் பழகிய செடி கொடி ஆராய்ச்சியோடும் வாழ்ந்தார். மனைவியாரின் மகள் ஹெலன் துணையாயிருந்தார். நடக்கும் பழக்கத்தையும் அவர் விடவில்லை. 1873-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஒருநாள், செடிகளைத் தேடிக்கொண்டு பதினைந்து மைல் தொலைவு நடந்தார். அதற்குச் சில நாட்களில் காய்ச்சல் கண்டது. மே 7-ஆம் நாள் உயிர் நீத்தார். அவரை மனைவியாரின் கல்லறையிலேயே அடக்கம் செய்தனர்.